தேய்வழக்கு, அதாவது பலரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொற்றொடர்: இந்தச் சொல்லை நீங்கள் உணர்ந்த தருணம் எது?

அச்சுக்கோப்பாளர்:
தேய்வழக்கு என்ற சொல் காதில் விழுவதற்கு முன்பே அந்தப் பொருளைக் கையால் தொட்டவன் நான். 1990களில் டிரெடில் மெஷின் ஓடிய சின்ன அச்சகத்தில் வேலை. கருமாதிப் பத்திரிகை எதுவானாலும் ஒரே குத்துவிளக்கு பிளாக்தான். அடித்து அடித்துச் சுடர் மழுங்கி, தாளில் வெறும் கறுப்புத் திட்டாக விழும். வாசகமும் அப்படியே. 'இறைவனடி சேர்ந்தார்', 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' எல்லாம் கோத்து, நூலால் கட்டி, தயாராக இருக்கும். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவோம்.

ஒருநாள் ஒருவர் புரூஃபைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதில் எங்க அம்மா இல்லையே. எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் இதேதானே போட்டீங்க?" என்றார். பிறகு அவரே யோசித்து யோசித்து ஒரு வரி சொன்னார்: 'காப்பி ஆற்றும் சத்தத்தாலேயே எங்களை எழுப்பிய அம்மா'. அந்த வரியை எழுத்து எழுத்தாகக் கோத்தபோது, முகம் பார்க்காத அந்த அம்மாவை நானும் அறிந்துகொண்டேன்.

பிரெஞ்சில் இதற்குச் சொல்லும் 'கிளிஷே' என்பதும் அச்சகத்துச் சொல்தான் என்று பின்னால் தெரிந்தது. ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க வார்த்துவைத்த தகட்டின் பெயராம் அது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

தமிழாசிரியை:
அருமை ஐயா. ஆனால் 'கூறியது கூறல்' என்பதும் இதுவும் ஒன்று என்று மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் அது ஒன்று. தான் சொன்னதையே தான் மறுபடி சொல்வது. தேய்வழக்கோ ஊரே சொல்லித் தேய்ந்தது. அதே பட்டியலில் உள்ள 'வெற்றெனத் தொடுத்தல்' இதற்கு இன்னும் நெருக்கம்: சொற்கள் வரிசையாக நிற்கும், உள்ளே பொருள் இருக்காது.

ஒன்று மட்டும் ஒப்ப மாட்டேன். பழகிய வாக்கியம் எல்லாமே தேய்வழக்கு ஆகிவிடாது. என் அப்பா தவறியபோது பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தச் சொல்ல, நம்ம கையிலயா இருக்கு" என்றார். எத்தனையோ வீட்டில் கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அது எனக்கு வேண்டியிருந்தது.

மதுரைக்காரி:
எங்கள் வீட்டில் தேய்வழக்கு என்று யாரும் சொன்னதில்லை. 'அரைச்ச மாவையே அரைக்கிறான்' என்போம். ஜோக் என்றால் 'புளிச்சுப்போச்சு'. 'உப்புச்சப்பு இல்லை' என்பது வேறு. புதிதாகச் செய்த ரசத்திலும் உப்புச்சப்பு இல்லாமல் போகலாம், ஆனால் அது அரைத்த மாவு இல்லை. பொங்கலன்று டிவியில் மாமியாரா மருமகளா பட்டிமன்றம் தொடங்கியதும் அம்மா, "போன வருசம் அரைச்ச மாவு" என்று எழுந்துபோய்க் கரும்பு வெட்ட ஆரம்பித்துவிட்டார். நாங்களும் பின்னாலேயே போய்விட்டோம்.