‘நியாயமான ஆடை’ என்னும் அட்டையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: ஃபேர்லேண்ட்ஸ் வாசகி, சேலம்

கல்லூரியில் சேரும் மகளுக்காக இங்கே ஒரு கடையில் பருத்திக் குர்தாக்கள் வாங்கினேன். அவற்றில் தொங்கிய பழுப்பு அட்டையில் ஓர் இலைப் படமும், ‘பூமிக்கு இதமானது, தொழிலாளருக்கு நியாயமானது’ என்ற வாசகமும் இருந்தன. விலையோ பக்கத்து அலமாரியில் இருந்த அதே மாதிரித் துணியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ‘கம்பெனி சரக்கும்மா, பொய் போட மாட்டாங்க’ என்பதற்கு மேல் விற்பனையாளருக்குச் சொல்ல எதுவும் இல்லை. இத்தகைய வாசகங்களை எவரேனும் சரிபார்க்கிறார்களா? அல்லது இவற்றை விட்டுவிட்டுக் கைத்தறி வாங்குவதே மேலா?

பதில் 1: முன்னாள் ஏற்றுமதி நிறுவன ஊழியர், சூரமங்கலம்

ஆடை நிறுவனங்களில் தணிக்கைக்கான ஆவணங்களைத் தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சகோதரி. இலைப் படத்தை எந்த அச்சகத்திலும் அடித்து வாங்கலாம். இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான ஜிஓடிஎஸ் என்னும் பன்னாட்டுத் தரச்சான்று போன்ற முறையான முத்திரை என்றால், சான்றளித்த அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் உடன் இருக்கும். அவற்றைக் கொண்டு பொதுத் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அதிலும் ‘ஆர்கானிக்’ என்று குறிக்க 95 விழுக்காடு இயற்கை வேளாண் இழை வேண்டும். ‘ஆர்கானிக் இழையால் ஆனது’ என்று குறிக்க 70 விழுக்காடே போதும். ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 முத்திரை, துணியில் தீங்கான வேதிப்பொருள்கள் வரம்பை மீறவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பது அதில் வராது. ஆனால் கடைகளில் அதைக் காட்டித்தான் எல்லாம் சரி என்கிறார்கள்.

எண் இருந்தாலும் கதை முடிவதில்லை. 2020இல் இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றுகள் காட்டப்பட்டதை ஜிஓடிஎஸ் அமைப்பே கண்டறிந்து அறிவித்தது. கராச்சியில் 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்த அலி எண்டர்பிரைசஸ் ஆலைக்கு, அதற்குச் சில வாரங்கள் முன்புதான் எஸ்ஏ 8000 என்னும் தொழிலாளர் நலச் சான்று கிடைத்திருந்தது. முன்கூட்டியே நாள் குறித்து வரும் தணிக்கையன்று அவசர வழியை மறைத்த அட்டைப்பெட்டிகள் காணாமல் போவதையும், மறுநாளே அதே இடத்தில் ஏறிக்கொள்வதையும் நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: பிராண்டுகள் வெளியிடும் ஆலைகளின் பட்டியல் பெரும்பாலும் தையல் ஆலையோடு நின்றுவிடுகிறது. இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்தால்தான் மொத்தத் தொகை என்று சொன்ன ‘சுமங்கலித் திட்டம்’ நடந்தது நம் மாநிலத்து நூற்பாலைகளில்தான். ஆகவே நூல் எந்த மில்லில் நூற்கப்பட்டது, சாயம் எங்கே ஏற்றப்பட்டது என்று சொல்லத் துணியும் நிறுவனத்தையே நான் கொஞ்சமாவது நம்புவேன்.

பதில் 2: நெசவுக் குடும்பத்தவர், அம்மாபேட்டை

கைத்தறி என்றாலே நியாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அம்மா. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்க 1985இல் சட்டம் வந்தும், விசைத்தறிச் சேலைகள் கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது நின்றபாடில்லை. கரையோரத்தில் ஊசித்துளை இருந்தால் கைத்தறி என்பார்கள். விசைத்தறித் துணியிலும் துளைகள் விழுவதுண்டு. கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். பட்டு என்றால் சில்க் மார்க் பாருங்கள், ஆனால் அது பட்டு அசல் என்பதற்கு மட்டுமே சாட்சி. நெய்தவருக்குச் சேலைக்கு என்ன கூலி கிடைத்தது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. சாயக்கழிவு கலந்து திருமணிமுத்தாறு என்ன ஆனது என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் கைத்தறி நூலுக்கு ஏற்றிய சாயத்துக்கும் பங்குண்டு.

பதில் 3: வழக்கறிஞர், ஏற்காடு

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ‘பசுமையானது’, ‘இயற்கையானது’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது. அந்த நெறிகள் சுற்றுச்சூழல் குறித்த கூற்றுகளுக்கானவை. ‘தொழிலாளருக்கு நியாயமானது’ என்பது பொய்யானால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் தவறான விளம்பரம் குறித்த பிரிவைத்தான் நாட வேண்டும். அதன்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அட்டையில் உரிம எண்ணே இல்லை. நூற்பாலை எது என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியதற்கு, தங்கள் விழுமியங்களைப் பற்றிய நீண்ட பத்தி ஒன்று வந்தது. மில்லின் பெயர் மட்டும் வரவில்லை.

பதில் 3: வழக்கறிஞர், ஏற்காடு

அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து, ரசீதையும் சேர்த்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.