சிக்னல்ல நின்னா ஏசி சூடா வருது, மூணாவது தடவையும் கேஸ் போடணுமா?

அரியாங்குப்பம்_ஆத்தோரம்
2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 82,000 கி.மீ. தினமும் புதுச்சேரி – கடலூர் போய் வர்ற வண்டி. காலையில கிளம்பும்போது ஏசி நல்லா இருக்கு. மதியம் திரும்பும்போது தவளக்குப்பம் வரைக்கும் ஓரளவு குளுமை. மரப்பாலம் சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னாப் போதும், வெறும் காத்துதான் வருது. வேகம் எடுத்தா குளுமை திரும்புது, ஆனா முன்ன மாதிரி இல்ல. காத்தோட வேகம் குறையல, எஞ்சின் சூட்டு முள்ளும் நடுவுலயேதான் நிக்குது. 10 மாசத்துல ரெண்டு தடவை கேஸ் டாப்-அப் பண்ணியாச்சு. இப்பவும் கேஸ்தான்ங்கறாங்க. போடலாமா?

மஞ்சக்குப்பம்_ஸ்பேனர்
இப்பப் போடாதீங்க. கேஸ், பெட்ரோல் மாதிரி தீர்ற பொருள் இல்ல. மூடின பைப்புக்குள்ளயே சுத்துது. 10 மாசத்துல ரெண்டு தடவை குறைஞ்சுதுன்னா எங்கயோ கசியுது, அதுக்கு அப்புறம் வருவோம்.

ஓடினா குளுமை, நின்னா சூடுன்னா முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன் மேலதான் (கண்டென்சர்னா முன் கிரில்லுக்குப் பின்னால கேஸோட சூட்டை வெளியேத்தற பாகம்). ஓடும்போது எதிர்காத்தே கண்டென்சரை ஆத்திடும். நின்னா ஃபேன்தான் ஆத்தணும். அது சுத்தலன்னா சூடு வெளியேற வழியில்லாம ஹை பக்க (கம்ப்ரசர் கேஸை அழுத்தி அனுப்பற பக்கம்) பிரஷர் ஏறிக்கிட்டே போகும், ஒரு கட்டத்துல பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திடும். ரெண்டு ஃபேன் இருக்கற வண்டியில ரேடியேட்டர் ஃபேன் நல்லா இருந்தா எஞ்சின் முள் ஏறாது. அதனால முள்ளை நம்பி ஃபேனை விட்டுடாதீங்க.

எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழு குளிர்ல வச்சு, போனட்டைத் திறந்து பாருங்க. கையை உள்ள விடாதீங்க, ஃபேன் எப்ப வேணா சுத்தும். ஒரு நிமிஷத்துக்குள்ள சுத்தலன்னா பியூஸ் பாருங்க. அடுத்து ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடற சுவிட்ச்). அதே நம்பர் போட்ட ரிலே பக்கத்துலயே ஹாரனுக்கோ வேற எதுக்கோ இருக்கும், மாத்திச் செருகிப் பாருங்க. அதுக்கும் அசையலன்னா ஃபேன் கனெக்டரைக் கழட்டி டெஸ்ட் லேம்ப் வைங்க. 12 வோல்ட் வந்தும் சுத்தலன்னா மோட்டார்தான் போயிருக்கு. குச்சியால லேசாத் தட்டினதும் சுத்த ஆரம்பிச்சா உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு, அது ரெண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான்.

பிரஷர் கேஜ் எதுவும் இல்லாம இன்னொரு சோதனையும் இருக்கு. நின்ன வண்டியில சூடா வரும்போது முன் கிரில் வழியா கண்டென்சர் மேல பக்கெட் தண்ணியைச் சீரா ஊத்துங்க (மோட்டார் கனெக்டர் மேல படாம). ஒரு நிமிஷத்துல குளுமை திரும்பினா சூடு வெளியேறறதுலதான் கோளாறு.

முத்தியால்பேட்டை_டீசல்
ஃபேனோட சேர்த்து கம்ப்ரசரோட மேக்னட் கிளட்சையும் (பெல்ட் சுத்தறதைக் காந்தத்தால கம்ப்ரசரோட இணைக்கற பாகம்) பார்த்துடுங்க. சூடானா காயிலோட ரெசிஸ்டன்ஸ் ஏறி இழுவை குறையும். பிளேட் தேஞ்சு இடைவெளி அதிகமாயிருந்தா அப்ப ஒட்டாது. பெரும்பாலான வண்டியில 0.3 முதல் 0.6 மி.மீ. வரைக்கும் இருக்கணும், ஃபீலர் கேஜ் விட்டாத் தெரிஞ்சுடும். கூடியிருந்தா உள்ள இருக்கற ஷிம் வாஷர்ல ஒண்ணை எடுத்தாலே சரியாகும், கம்ப்ரசரையே மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க.

காத்து வேகம் குறையலன்னு எழுதியிருக்கீங்க. அப்ப கூலிங் காயில்ல ஐஸ் கட்டற கோளாறு இல்ல.

மஞ்சக்குப்பம்_ஸ்பேனர்
கிளட்ச் பார்க்கறது நல்லதுதான். ஆனா இடைவெளிக் கோளாறுன்னா வேகம் எடுத்த உடனே குளுமை திரும்பாது, காயில் ஆறினாத்தான் ஒட்டும். நான் ஃபேன்னுதான் சொல்வேன்.

அரியாங்குப்பம்_ஆத்தோரம்
ஃபேன்தான். ரிலே மாத்தியும் சுத்தல, 12 வோல்ட் வருது, தட்டினா சுத்திச்சு. புது மோட்டார் போட்டாச்சு. இப்ப சிக்னல்ல முழுசாச் சூடாகறதில்ல, ஆனா குளுமை பத்தல. கேஜ் மாட்டினப்ப வெளியில 33 டிகிரி, 1,500 ஆர்பிஎம், லோ பக்கம் 18 பிஎஸ்ஐ, ஹை பக்கம் 120. காலையில வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்ன ரெண்டு முள்ளும் 95 காட்டிச்சு. "95 இருக்கு, கேஸ் ஃபுல்லு, கம்ப்ரசர்தான் வீக்"ங்கறாங்க. கண்டென்சரோட கீழ் மூலையில எண்ணெய்ப் பிசுக்குல மண் அப்பியிருக்கு.

மஞ்சக்குப்பம்_ஸ்பேனர்
எஞ்சின் ஓடாதப்ப வர்ற 95-ஐ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. 30 டிகிரியில ஆர்134ஏ (உங்க ஏசியில இருக்கற கேஸ்) கொஞ்சம் திரவமா உள்ள இருந்தாலே முள் அங்கதான் நிக்கும், 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும். எஞ்சினும் ஏசியும் ஓடும்போது வர்ற கணக்கைத்தான் பார்க்கணும். இந்த வெயிலுக்கு லோ 30–40, ஹை 200 சுமார் வரணும். கம்ப்ரசர் வீக்குன்னா லோ ஏறி ஹை இறங்கும். உங்களுக்கு ரெண்டுமே இறங்கியிருக்கு, அது கேஸ் குறைவு. ஃபேன் நின்னிருந்தப்ப கேஜ் மாட்டியிருந்தா ஹை தானா ஏறி, குறைஞ்ச கேஸையே சரியான அளவு மாதிரி காட்டியிருக்கும்.

எண்ணெய்ப் பிசுக்குதான் ஓட்டை இருக்கற இடம். கேஸோட கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து வெளிய வருது. கடலோரமா ஓடற வண்டிக்கு உப்புக் காத்துல அலுமினியக் கண்டென்சர் அரிக்கறது நம்ம பக்கம் சகஜம். ஆனாலும் பார்வையை மட்டும் நம்பாம நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏத்தி சோப்பு நுரை போடச் சொல்லுங்க. டயர்க்கடைக் காத்து வேண்டாம், ஈரம் உள்ள போகும். ஆக்சிஜன் கிட்டயே போகக் கூடாது, ஆயிலோட சேர்ந்தா வெடிக்கும். நைட்ரஜன் உள்ள இருக்கும்போது ஏசியை ஓட்டவும் கூடாது.

கண்டென்சர்ல நுரை வந்தா மாத்திடுங்க. தட்டைக் குழாயில வெல்டிங் பூச்சு நிலைக்காது. டிரையர் (கேஸ்ல இருக்கற ஈரத்தை உறிஞ்சற பாகம்) பல வண்டியில கண்டென்சரோட பக்கக் குழாய்க்குள்ளயே இருக்கும். தனியா இருந்தா அதையும் புதுசு போடணும், காத்து பட்ட டிரையர் ஈரத்தை இழுத்துக்கிட்டு இருக்கும். கழட்டின ஒவ்வொரு மூட்டுக்கும் புது ஓ-ரிங், ஆயில் தடவி. கம்ப்ரசர் லேபிள்ல போட்டிருக்கற அதே ஆயில் சுமார் 30 மில்லி புதுக் கண்டென்சருக்குள்ள விடணும். இதை மறந்தாத்தான் கம்ப்ரசர் சீக்கிரம் போகும். அப்புறம் வேக்கம் பம்ப் வச்சு உள்ள இருக்கற காத்தை 30 நிமிஷமாவது இழுக்கணும். வால்வை மூடி 15 நிமிஷம் முள் அசையாம நின்னாத்தான் கேஸ்.

கேஸை எடை மெஷின்ல வச்சுத்தான் ஏத்தணும். போனட்டுக்குக் கீழ ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு இருக்கும், அதே அளவு. "இன்னும் கொஞ்சம் போட்டா நல்லாக் குளுரும்"னா விடாதீங்க, கூடினா ஹை ஏறி குளுமை குறையும். சிலிண்டர்ல ஆர்134ஏ-ன்னு எழுதியிருக்கான்னும் பாருங்க. மலிவா வர்ற சில கலவை கேஸ் தீப்பிடிக்கற ஜாதி.

அரியாங்குப்பம்_ஆத்தோரம்
பார்ட்ஸ் வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் குறைஞ்ச கேஸோட ஓட்டலாமா?

முத்தியால்பேட்டை_டீசல்
வண்டியை ஓட்டலாம், ஏசி பட்டனை மட்டும் தொடாதீங்க. கேஸோட சேர்ந்து சுத்தற ஆயில்தான் கம்ப்ரசருக்கு வழவழப்பு. கேஸ் குறைஞ்சா அது காய்ஞ்சே சுத்தும். ப்ளோயரை மட்டும் போட்டுக்கிட்டு கண்ணாடியை இறக்கிடுங்க.