அறைக்குள் ஸ்பிரே அடிக்கும்போது மூட்டம், சொரசொரப்பு: எக்ஸாஸ்ட் எப்படி அமைப்பது?

இழைப்புளி:
அலமாரி ஷட்டர்கள் 14, ஒவ்வொன்றும் சுமார் 2 × 2½ அடி. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர் இரண்டு கோட், அதன்மேல் ஹார்டனர் கலக்கும் 2கே பி.யூ. (இருகூறு பாலியூரித்தேன்) மேட் அடிப்பதாகத் திட்டம். அறை 12 × 10 அடி, உயரம் 9 அடி. ஒரு பக்கம் வாசல், எதிர்ச்சுவரில் 2½ × 3 அடி ஜன்னல். கன் எச்.வி.எல்.பி. (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும் வகை), நாசில் 1.4 மி.மீ. ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வைத்தும், மூன்றாவது ஷட்டருக்குள் எதிர்ச்சுவர் மங்கிவிடுகிறது. காய்ந்தபின் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. பக்கத்து அறைத் தரையிலும் வெள்ளைத் தூசு. பெரிய ஃபேன் போட்டால் போதுமா? எத்தனை சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வேண்டும்?

மேற்பூச்சு:
ஃபேனுக்கு முன்னால் கன்னைப் பாருங்கள். உண்டாகாத மூட்டத்தை வெளியேற்ற வேண்டியதில்லை.

எச்.வி.எல்.பி. கன்னில் ஏர் கேப் (முனையில் காற்று வெளிவரும் மூடி) அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. அதற்கு நுழைவில் எவ்வளவு வேண்டும் என்று கன்னிலேயே எழுதியிருக்கும். அந்த எண்ணைக் கம்ப்ரஸர் மீட்டரில் பார்த்துப் பயனில்லை. கன்னின் அடியில் ரெகுலேட்டர் மாட்டி, டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி பார்க்க வேண்டும். கால் அங்குல ஹோஸ் வழியிலேயே நிறைய அழுத்தத்தைத் தின்றுவிடும், ⅜ அங்குலம் போடுங்கள்.

சரியான அழுத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு அட்டையில் அடித்துப் பார்த்து, 2 பி.எஸ்.ஐ. வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். துளிகள் பெரிதாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி ஏற்றினால் போதும். அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் மூட்டம்தான்.

சொரசொரப்புக்குக் காரணம், துளி மரத்தில் விழுமுன்பே பாதி காய்ந்துபோவது. கன் ஓரடிக்கு மேல் தள்ளி நிற்கிறது, அல்லது தின்னர் வேகமாகப் பறக்கிறது. 6 முதல் 8 அங்குலத்தில் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி போங்கள். விளிம்பைத் தாண்டியதும் டிரிக்கரை விட்டுவிட வேண்டும். சூடான நாளில் தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிட்டார்டர் (மெதுவாக ஆவியாகும் கரைப்பான்) சேர்த்தால் படலம் சமமாவதற்கு நேரம் கிடைக்கும்.

காற்றுவழி:
மேலே சொன்னது சரி. ஆனால் டேபிள் ஃபேன் வைத்த ஜன்னல் வேறு கதை. ஃபேனைச் சுற்றித் திறந்திருக்கும் இடைவெளி வழியாக வெளிக்காற்றே உள்ளே வந்து மறுபடி ஃபேனுக்குப் போகிறது. ஃபேன் தன் வாலைத் தானே துரத்துகிறது, அறைக்காற்று அசைவதில்லை. ஜன்னலைப் பிளைவுட்டால் முழுக்க அடைத்து, ஃபேன் அளவுக்கு மட்டும் வட்டம் வெட்டுங்கள்.

கணக்கு: காற்று கடக்கும் முகத்தின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து 100ஆல் பெருக்கினால் தேவையான சி.எஃப்.எம். கிடைக்கும். அதாவது நிமிடத்துக்கு 100 அடி வேகம். உங்கள் அறையின் முழுக் குறுக்குவெட்டு 10 × 9 என்றால் 9,000 சி.எஃப்.எம்., வீட்டில் நடக்காத காரியம். எனவே முகத்தைச் சுருக்குங்கள். பி.வி.சி. பைப் சட்டமும் பாலிதீன் ஷீட்டும் வைத்து 4 × 4 அடி வாயுள்ள கூண்டு கட்டினால் 1,600 சி.எஃப்.எம். போதும். ஷட்டர் அதற்குள் நிற்கும்.

கூண்டின் பின்சுவர் முழுக்க ஃபில்டர். 20 × 20 அங்குல ஃபைபர்கிளாஸ் பெயிண்ட் ஃபில்டர் நான்கு பொருந்தும். அதற்கும் ஃபேனுக்கும் நடுவே ஓரடி வெற்றிடம் விடுங்கள். ஒட்டி வைத்தால் ஃபேனுக்கு நேரெதிரே உள்ள வட்டம் மட்டும்தான் உறிஞ்சும். ஃபேன் பெட்டியில் அச்சிட்ட எண் எந்தத் தடையும் இல்லாதபோது உள்ளது. ஃபில்டரும் ஒரு வளைவும் வந்தாலே பாதியாகக்கூட இறங்கும். அதனால் 2,500 முதல் 3,000 வரை போட்டிருப்பதை வாங்குங்கள்.

வெளியேறும் அளவுக்கு உள்ளே வரவும் வேண்டும். பலரும் வாசலைச் சாத்திவிட்டு, ஃபேன் இழுக்கவில்லை என்கிறார்கள். வாசல் நிலை முழுக்க ஃபில்டர் துணி கட்டுங்கள், சுமார் 16 சதுர அடி கிடைக்கும். காற்றில் வரும் தூசும் அங்கேயே நின்றுவிடும். பாலிதீன் ஷீட் உள்நோக்கி உப்பும் என்பதால் அடியில் மரச்சட்டம் வைத்து அழுத்திவிடுங்கள்.

நீலச்சுடர்:
கூண்டு நல்ல யோசனை. ஆனால் எந்த ஃபேன் என்று சொல்லாமல் விட்டது ஆபத்து. என்.சி. தின்னர் ஆவி கடைசியில் மோட்டார் வழியாகத்தான் போகிறது.

ஃபில்டர் துளிகளைத்தான் பிடிக்கும். ஆவி அப்படியே தாண்டிப் போகும். என்.சி. தின்னரில் வழக்கமாக இருக்கும் டொலுயீன் ஒரு லிட்டர் முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 225 லிட்டர் ஆவி. காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். அதாவது ஒரு லிட்டர் போதும், சுமார் 20 கன மீட்டர் காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவர. உங்கள் அறை மொத்தமே 30 கன மீட்டர். ஆவி காற்றைவிடக் கனமானது, சமமாகக் கலக்காமல் தரையோரம் தேங்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் மோசம்.

பாதுகாப்புக்கு அந்த வரம்பில் கால்பங்கைத் தாண்டவிடக் கூடாது. அப்படியானால் லிட்டருக்கு 80 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். 1,600 சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு 45 கன மீட்டர், ஓடிக்கொண்டிருக்கும்வரை தாராளம். சிக்கல், ஃபேனை அணைத்தபின்தான்: அடித்த ஷட்டர்கள் தொடர்ந்து ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகும் விடாமல் ஓட்டுங்கள்.

மோட்டார் காற்றோட்டத்துக்கு வெளியே இருந்து பெல்ட்டில் ஓடும் ஃபேன், அல்லது தீப்பொறி வெளிவராத ஃபிளேம்புரூஃப் மோட்டார் வேண்டும். ‘முழுக்க மூடிய மோட்டார்’ என்று விற்பது தூசுக்கானது, இதற்கு ஆகாது. ஸ்விட்ச், கம்ப்ரஸர், ஃபிரிட்ஜ், கேஸ் வாட்டர் ஹீட்டர் எதுவும் அந்த அறையிலோ காற்று போகும் வழியிலோ இருக்கக் கூடாது. விளக்கையும் ஃபேனையும் தொடங்குமுன் போட்டுவிடுங்கள், நடுவில் ஸ்விட்சைத் தொட வேண்டாம்.

இழைப்புளி:
ஃபிளேம்புரூஃப் கிடைப்பது கடினம். சாதாரண ஃபேனை வாசலில் வைத்து உள்நோக்கித் தள்ளினால்? மோட்டார் சுத்தக் காற்றில்தானே இருக்கும்?

காற்றுவழி:
நீலச்சுடர் சொன்னது நியாயம், மோட்டாரை நான் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

தள்ளும் முறை வேலை செய்யும், ஒரு நிபந்தனையோடு. அறைக்குள் அழுத்தம் கூடுவதால் ஆவி எல்லா இடுக்கு வழியாகவும் வெளியே கசியும். தனிக் கொட்டகை என்றால் பரவாயில்லை. வீட்டோடு ஒட்டிய அறை என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள். கொட்டகையிலும் ஃபேன் நேராக ஷட்டர் மேல் ஊதக் கூடாது. முன்னால் ஃபில்டர் துணி கட்டினால் காற்று பரவலாக வரும், இல்லாவிட்டால் மறுபடி சொரசொரப்பு.

சோதிக்க டிஷ்யூ பேப்பர் கீற்று போதும். கூண்டு வாயில் நாலு மூலையிலும் நடுவிலும் பிடித்துப் பாருங்கள், ஐந்து இடத்திலும் உள்நோக்கிச் சாய வேண்டும். ஊதுபத்தி வைத்துப் பார்ப்பவர்கள் தின்னர் டப்பாவைத் திறக்குமுன் செய்துவிடுங்கள்! ஃபில்டர் புதிதாக இருக்கும்போது கீற்று எவ்வளவு சாய்கிறது என்று குறித்துவைத்தால், மாற்ற வேண்டிய நாள் தானே தெரியும்.

நிற்கும் இடமும் முக்கியம். காற்றுக்கு முழு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் மார்புக்கு முன்னால் சுழி உண்டாகி, மூட்டம் முகத்துக்கே திரும்பும். காற்று தோளுக்குப் பக்கவாட்டில் கடக்கும்படி நில்லுங்கள். முடித்த ஷட்டர்களைக் கன்னுக்கும் ஃபில்டருக்கும் நடுவே சாத்தாதீர்கள். என்.சி. தூசாக விழும், பெருக்கிவிடலாம். பி.யூ. ஈரமாகவே போய் ஒட்டும்.

மேற்பூச்சு:
2கே பி.யூ. பற்றி யாரும் சொல்லவில்லையே. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தீங்கு செய்யும் அளவிலும் அதற்கு வாசனை தெரியாது, அதனால் மாஸ்க்கில் ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும் தெரியாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். தோல் வழியாகவும் வரும், கையுறையும் முழுக்கையும் கட்டாயம். ஸ்பிரே என்றால் வெளியிலிருந்து சுத்தக்காற்று வரும் முகக்கவசம்தான். அது இல்லையென்றால் மேல்கோட்டை நீர்சார்ந்த ஒற்றைக்கூறு லாக்கருக்கு மாற்றிவிடுங்கள், என்.சி. சீலர் மேல் அது பிடிக்கிறதா என்று ஒரு துண்டில் முதலில் பாருங்கள். தீ அபாயமும் பெருமளவு குறையும்.

என்.சி.க்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் அதன்மேல் துளி ஃபில்டரும். வெறும் தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. தாடி இருந்தால் எந்த ரப்பர் மாஸ்க்கும் ஒட்டாது. வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் காற்றுப்புகாத பையில் போடுங்கள். வெளியே கிடந்தால் சும்மாவே தீர்ந்துபோகும்.

நீலச்சுடர்:
கழற்றிய ஃபில்டர் பற்றி ஒன்று. என்.சி. தூசு படிந்ததைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் திணிக்காதீர்கள். உள்ளே சூடேறித் தானாகவே பற்றக்கூடும், எண்ணெய் வார்னிஷ் படிந்ததோடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீரில் அமிழ்த்தி, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.