11 மாசக் குழந்தை: பாலைக் குறைச்சு சாப்பாட்டைக் கூட்டுறது எப்படி?

கேள்வி (வேளச்சேரி):
பையனுக்கு 11 மாசம். ஒரு நாளைக்கு 900 மில்லி ஃபார்முலா பால். இட்லி ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. எந்த வேளைப் பாலைக் குறைக்கணும்? பசும்பால் தரலாமா?

பதில் 1:
வயிறு பாலிலேயே நிறைஞ்சிடுது, பசி எங்க வரும்? காலை பத்து மணிப் பாலை முதல்ல குறைக்க ஆரம்பிங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் 30 மில்லி குறைச்சுட்டே வாங்க. மொத்தம் 500–600 மில்லி போதும். சாப்பாடு முதல்ல, பால் பிறகு. வேளைக்கு 250 மில்லி கிண்ணத்துல பாதி, மூணு நாலு வேளை. பருப்புசாதம் கரண்டியைச் சாய்ச்சா ஓடக் கூடாது, மெல்ல விழணும். தண்ணியா கரைச்சா வயிறு நிறையும், சத்து சேராது.

பதில் 2:
பசும்பாலைக் குடிக்கத் தர்றது 1 வயசுக்கு அப்புறம்தான். தயிர்சாதம் இப்பவே தரலாம். 1 வயசு தாண்டினாலும் ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல வேண்டவே வேண்டாம். பசும்பாலில் இரும்புச்சத்து ரொம்பக் கம்மி, அதோட கால்சியம் மத்த சாப்பாட்டு இரும்பையும் சரியா சேரவிடாது. ரத்தசோகை இப்படித்தான் வருது. இரும்புக்கு முட்டை, கோழி, முருங்கைக்கீரைப் பருப்பு குடுங்க; இரும்பு நல்லா சேர பருப்புல ரெண்டு சொட்டு எலுமிச்சை விடுங்க.

பதில் 3:
பாட்டிலை வாயில வச்சே தூங்க விடாதீங்க, முன்பல் சொத்தையாகும். இப்பவே டம்ளர் பழக்குங்க. எடை ஏறலன்னா டாக்டரைப் பாத்துட்டு பாலைக் குறைச்சுக்கங்க.