"சும்மா கிடந்த காடு" என்று யார் சொன்னது? புக்கிட் கியாரா பாதை பற்றி

கித்தாக்காட்டுப் பிள்ளை:
நேற்று மண்பாதை என்பவர் இங்கே கேஎல் (கோலாலம்பூர்) பசுமைப் பாதைத் திட்டம் என்று நீளமாக எழுதியிருந்தார். கியாரா, காசிங், கெரிஞ்சி, புக்கிட் பெர்செகுத்துவான், லேக் கார்டன், தாமான் துகு என்று நகரத்துக் குன்று, பூங்கா எல்லாவற்றையும் நடைபாதையால் கோக்க வேண்டுமாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "புக்கிட் கியாராவில் சும்மா கிடந்த காட்டில் சைக்கிள் ஓட்டிகள்தான் முதன்முதலில் பாதை போட்டார்கள்." இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. சும்மா கிடந்ததா? அது ரப்பர் தோட்டம் ஐயா. 1970களில் அரசாங்கம் நிலத்தை எடுக்கும் வரைக்கும் எங்கள் ஆட்கள் அங்கே பால் வெட்டினார்கள். விடியற்காலை நாலரைக்குப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்த பாதை. இன்றைக்கும் மேல் பாதையில் ஒரு வளைவில் பால்மரத்தடியில் பால் பிடிக்கும் கிண்ணம், மங்கு ஒன்று கிடக்கிறது, பாதி மண்ணுக்குள். போன மாதம் என் கையால் துடைத்துப் பார்த்தேன். உள்ளே ஒட்டுப்பால் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. காட்டில் மங்கு முளைக்குமா?

மண்பாதை:
அண்ணே, தோட்டம் இருந்ததை நான் மறுக்கவில்லை. நான் சொன்னது பாதை. தோட்டத்தில் வெட்டியது மேடை, மலைச்சரிவில் படி மாதிரி. அது மரத்துக்காக வெட்டியது, மலைப்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும், மழைத் தண்ணீரைப் பிடித்து வேருக்குக் கொடுப்பதற்காக. நடக்கிற பாதை அதற்கு நேர்மாறு. பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய வேண்டும், தண்ணீர் குறுக்கே ஓடி இறங்கிவிட வேண்டும். உள்ளே சாய்ந்தால் பாதை ஒரே மழைக்காலத்தில் வாய்க்காலாகிவிடும். இந்தச் சாய்வை ஞாயிறு தவறாமல் சங்கோல் (மண்வெட்டி) பிடித்துப் போட்டது நாங்கள். என் உள்ளங்கையைப் பார்த்தால் தெரியும். ஒரு மங்கு கிடந்தால் அங்கே ஒரு மரம் இருந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கித்தாக்காட்டுப் பிள்ளை:
மரம் இருந்தால் அதை வெட்டப் போன ஆள் பறந்தா போனார்? ஓர் ஆளுக்கு ஐந்நூறு மரம், காலையில் வெட்டவும் அப்புறம் பால் எடுக்கவும் ஒரே வழியில் இரண்டு முறை நடக்க வேண்டும். தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியில் இரண்டு பக்கமும் பால், ஒரு சொட்டுச் சிந்தினாலும் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஏசுவார். அப்படித் தோளில் பாரத்தோடு இறங்கத் தோதான வழியைக் கண்டுபிடித்தது யார்? நீங்கள் அந்த மேடையின் ஓரத்தைச் செதுக்கிச் சாய்வு கொடுத்தீர்கள். அதைச் செதுக்கினேன் என்று சொல்லுங்கள், நன்றி சொல்கிறேன். முதன்முதலில் போட்டேன் என்று சொல்லாதீர்கள் தம்பி.

செந்தூல்வாசி:
இரண்டு பேரும் மங்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். திட்டத்தைப் பேசலாமே. கியாராவிலிருந்து காசிங் போக வேண்டுமென்றால் கூட்டரசு நெடுஞ்சாலையைத் தாண்டியாக வேண்டும், அதற்கு யார் பாலம் போடுவது? காசிங் காட்டில் பாதி பெட்டாலிங் ஜெயா, பாதி கேஎல். இரண்டு நகர மன்றம், இரண்டு கோப்பு. நான் காசிங் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நடப்பவன், எல்லைக்கல்லைத் தாண்டியதும் பலகையின் நிறம்கூட மாறிவிடும். 2015இல் மிட்வேலியிலிருந்து மெர்டேக்கா சதுக்கம் வரை ஐந்தரைக் கிலோமீட்டர் சைக்கிள் பாதை திறந்தார்கள், அதில் இப்போது எத்தனை பேர் போகிறீர்கள்?

மண்பாதை:
நான் போகிறேன். அப்புறம், எனக்கு 52 வயது. தம்பி என்று கூப்பிட வேண்டாம்.

கித்தாக்காட்டுப் பிள்ளை:
எனக்கு 61. நான் யாரைத் தம்பி என்று கூப்பிட வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

தண்ணிமலைக்காரி:
பினாங்கிலிருந்து எழுதுகிறேன், தலையிடுவதற்கு மன்னிக்கவும். உங்கள் பேச்சில் மனிதன் நடக்கிற பாதை மட்டும்தான் வருகிறது. இங்கே தெலுக் பஹாங்கில் 2019இல் பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னிச் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள், கண்ணுக்கு வெள்ளை வளையம் போட்ட கருமந்திகள் கடக்க. அதற்கு முன் அவை மின்கம்பியில் தாவின, இல்லாவிட்டால் சாலையில் இறங்கி அடிபட்டன. பசுமைப் பாதை என்றால் முதலில் அதுதான். துண்டு துண்டாகக் கிடக்கும் காட்டை ஒட்டுவது. பினாங்கு மலையை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது, 12,481 ஹெக்டர், கடலும் சேர்த்து. அங்கேயே புதுப் பாதை வெட்டுவதற்கு முன் நூறு தரம் யோசிக்க வேண்டும் என்கிறோம். நீங்கள் யார் வெட்டியது என்று சண்டை போடுகிறீர்கள்.

மண்பாதை:
அக்கா சொல்வது சரி. சிங்கப்பூரைப் பாருங்கள். 2011 ஜூலையில் ரயில் நின்ற பிறகு 24 கிலோமீட்டர் தண்டவாள நிலத்தை அப்படியே பச்சையாக வைத்துக்கொண்டார்கள். ஒரே கோடு, வடக்கிலிருந்து தெற்கு வரை.

செந்தூல்வாசி:
ஆரம்பித்துவிட்டார் சிங்கப்பூரை. எதற்கெடுத்தாலும் சிங்கப்பூர். அங்கே ஒரே அரசாங்கம், சொன்னால் நடக்கும்.

கித்தாக்காட்டுப் பிள்ளை:
அந்த ரயில் நிலம் நம் கேடிஎம் ரயில் நிறுவனத்துடையதாக இருந்தது. அங்கே பழைய புக்கிட் தீமா ஸ்டேஷனை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள், பெயர்ப்பலகை நிற்கிறது, நடக்கிறவன் நின்று படிக்கிறான். நான் கேட்பதும் அதுதான். நீங்கள் போட்ட வரைபடத்தில் கியாராவுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? "மலைச் சைக்கிள் பாதைகள்." பால் வெட்டியவன் எங்கே? இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். காடு சும்மா கிடந்தது என்று எழுதினால் அங்கே ஆளே இல்லை என்று ஆகும், ஆளே இல்லை என்றால் பக்கத்தில் ரூமா பாஞ்சாங் என்கிற நீள வரிசை வீடுகளில் இன்னும் இருக்கிறவர்கள் யார்? 1980களின் தொடக்கத்தில் தற்காலிகம் என்று சொல்லி அந்தப் பலகை வீட்டில் வைத்தார்கள். என் சின்னம்மா அங்கே இருந்துதான் போய்ச் சேர்ந்தார். கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் பேசுவது கேட்காது, அவர் கையைக் காட்டித்தான் பேசுவார். எங்கள் ஆட்கள் நூறு குடும்பம் நாற்பது வருடமாக வீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். நீங்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் சைக்கிளில் போகிறீர்கள்.

செந்தூல்வாசி:
சரி, அதையும் பேசிவிடலாம். அந்த வீட்டையும் சேர்த்துக் கட்ட வந்த திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டது யார்? தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் நடக்கிறவர்கள்தானே?

மண்பாதை:
அது அநியாயமான பேச்சு. அவர்கள் எதிர்த்தது பூங்கா நிலத்தில் ஐம்பது மாடிக் கோபுரங்களை. பொதுவெளி என்று நகரின் அமைப்புத் திட்டத்தில் குறித்த இடத்தில் கட்ட அனுமதி கொடுத்ததை. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமே அந்த அனுமதி செல்லாது என்று சொல்லிவிட்டது. தோட்டத்து மக்களுக்கு வீடு வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை.

கித்தாக்காட்டுப் பிள்ளை:
தீர்ப்பு சரி. நான் தீர்ப்பைக் குறை சொல்லவில்லை, அந்தக் கோபுரம் வந்திருந்தால் குன்றே போயிருக்கும். ஆனால் பூங்காவைக் காப்பாற்ற நடந்த பேச்சில் கால்வாசிகூட அந்த நூறு வீட்டுக்கு நடக்கவில்லை. அதற்குக் காரணம் உங்கள் வரியில் இருக்கிறது. சும்மா கிடந்த காடு. மறுபடியும் சொல்கிறேன், அந்த மங்கு சும்மா கிடக்கவில்லை.

மண்பாதை:
மறுபடியும் மங்கு! சரி அண்ணே, நேராகக் கேட்கிறேன். உங்கள் மங்கு கிடக்கிற வளைவு எங்கள் பாதையில்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தோட்டத்துக்காலத்து நிரை அந்த இடத்தில் சமமாகப் போயிருக்கும். எங்கள் பாதை நூறு அடி நடந்தால் பத்து அடிக்கு மேல் ஏறாது, ஆனால் ஏறும். இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. மழையில் உருண்டு கீழே வந்திருக்கும்.

கித்தாக்காட்டுப் பிள்ளை:
உருளவில்லை. அந்த மரத்தில் வெட்டுக்காயம் இடதுமேலிருந்து வலதுகீழாக இன்னும் தெரிகிறது, பட்டை மூடி வீங்கியிருக்கிறது. காயத்தின் அடியில் கம்பி, கம்பிக்கு நேர்கீழே மங்கு. வெட்டுக்காயம் பார்த்திருக்கிறீர்களா? என் அப்பா உளியால் பட்டையை எடுத்தால் மரத்துச் சதையில் படாது, காகிதம் மாதிரி வரும். அது எந்த ஆள் வெட்டு என்று பார்த்தே சொல்வார்கள் அந்தக்காலத்தில்.

தண்ணிமலைக்காரி:
என் பாட்டியும் பால் வெட்டியவர்தான். அதனால் கேட்கிறேன், அந்த மரத்தில் இன்றைக்கு எந்தக் குரங்கு ஏறுகிறது என்று யாராவது பார்த்தீர்களா?

செந்தூல்வாசி:
நெடுஞ்சாலைக்கு மேல் பாலம் யார் போடுவது என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மண்பாதை:
அண்ணே, அந்த வளைவைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். மேடையா பாதையா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

கித்தாக்காட்டுப் பிள்ளை:
படம் போடமாட்டேன். போட்டால் அடுத்த ஞாயிறு அந்த மங்கு அங்கே இருக்காது, யாராவது வீட்டு அலமாரியில் இருக்கும். நீங்கள் முதலில் அந்த வரியைத் திருத்துங்கள் தம்பி.

மண்பாதை:
வரி சரியாகத்தான் இருக்கிறது. தம்பி என்று கூப்பிட வேண்டாம் என்று ஏற்கெனவே சொன்னேன்.