இறக்கிய போலோவுக்கு வீல் ஸ்பேசர்: 20 மி.மீ போடலாமா?

கோவைக்காரன்:

வணக்கம். என்னுடையது 2015 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ, 1.5 டீசல், 92,000 கி.மீ ஓடியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் ஸ்பிரிங் மாற்றி 35 மி.மீ இறக்கினேன், ஷாக்கும் அப்போதே புதிது போட்டாயிற்று. பக்கவாட்டில் பார்த்தால் கார் அழகாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் உள்ளே ஒடுங்கிக் கிடக்கிற மாதிரி தெரிகிறது. இறக்குவதற்கு முன் இது என் கண்ணில் படவே இல்லை. கம்பெனி அலாய்தான், வீலின் உள்பக்கம் 6ஜே × 15 (6 அங்குல அகலம், 15 அங்குல விட்டம்), ஈடி 40 என்று பொறித்திருக்கிறது. டயர் 185/60 ஆர்15.

ஊரில் ஒரு கடையில் கேட்டேன். நாலு சக்கரத்துக்கும் 20 மி.மீ ஸ்பேசர் (சக்கரத்துக்கும் அது மாட்டப்படும் ஹப்புக்கும் நடுவில் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு) போட்டுவிடலாம், நீளமான போல்ட் நாங்களே தருகிறோம், ஒரு மணி நேர வேலை என்றார்கள். காரை அளந்து பார்க்கவில்லை, அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. மாதம் இரண்டு முறை அப்பா அம்மா, குழந்தைகளோடு பொள்ளாச்சி வழியாகப் பழனி போகிறவன் நான். 20 சரியா, 15 போதுமா, முன்னும் பின்னும் ஒரே அளவு போட வேண்டுமா? போட்டு ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை அண்ணன்:

தம்பி, 20, 15 என்கிற எண்ணை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் காரில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் யார் சொன்னாலும் அது குத்துமதிப்புதான். கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமமான தரையில் காரை நிறுத்தி, டயர்க் காற்றைச் சரிபார்த்து, வீல் ஆர்ச்சின் உச்சியில் நூலை ஒட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் பக்கச் சுவர் அதிகமாகப் புடைத்திருக்கிற இடத்துக்கும் நடுவில் எத்தனை மி.மீ என்று நாலு சக்கரத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் இருக்காது. காலியாக ஒரு தடவை, வீட்டு ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒரு தடவை.

கணக்கு எளிதுதான். உங்கள் வீல் ஈடி 40, அதாவது ஹப்பில் ஒட்டும் முகம் வீலின் அகல நடுக்கோட்டிலிருந்து 40 மி.மீ வெளியே இருக்கிறது. 20 மி.மீ ஸ்பேசர் வைத்தால் அது ஈடி 20 வீல் மாட்டியதற்குச் சமம், சக்கரம் அப்படியே 20 மி.மீ வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 40 மி.மீ அகலம் கூடுகிறது. நெம்புகோல் நீளம் கூடிப் பேரிங்குக்குச் சுமை ஏறுகிறது, ஸ்டியரிங் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கோட்டையும் தேடிக்கொண்டு ஓடும். முன் சக்கரத்தில் இதை நன்றாகவே உணர்வீர்கள்.

அடுத்தது, நடு ஓட்டை. போலோவுக்கு 5 போல்ட், 100 மி.மீ வட்டம், ஹப்பின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் உதடு 57.1 மி.மீ. சக்கரம் நடுவில் நிற்பது அந்த உதட்டின் மேல்தான். ஸ்பேசரின் உள்விட்டமும் 57.1 இருக்க வேண்டும், வெளிப்பக்கம் அதே 57.1-இல் புது உதடு ஒன்றும் இருக்க வேண்டும். நாலைந்து காருக்குப் பொதுவாகப் பொருந்தும் என்று ஓட்டையைப் பெரிதாக வெட்டி விற்கிற தட்டை வாங்கவே வாங்காதீர்கள். போன வருடம் ஒரு பையன் அப்படி ஒரு ஜோடி கொண்டுவந்து "80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்குகிறது, பாலன்சிங் மூன்று தடவை செய்தாயிற்று" என்றான். மைக்ரோமீட்டரில் பிடித்தால் ஒரு ஓரம் 14.9, எதிர் ஓரம் 15.1. வார்ப்பு அலுமினியம், முகம் கடைந்ததாகவே தெரியவில்லை. இதற்கு எந்த பாலன்சிங்கும் உதவாது. 6061-டி6 போன்ற அலுமினியத்தில் கடைந்து எடுத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்தக் கடையில் தருவதாகச் சொன்ன போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டையாக இருந்ததா, கூம்பாக இருந்ததா? இதைப் பார்த்துச் சொல்லுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு முக்கியம்.

சேலம் டீசல்:

என்னுடையதும் போலோ, 40 மி.மீ இறக்கியது. பின்னால் 20 போட்டேன், இப்போது கழற்றிவிட்டேன். தனியாக ஓட்டும்போது ஒன்றுமே தெரியவில்லை. பொங்கலுக்கு அஞ்சு பேரும் டிக்கி நிறைய சாமானுமாகக் கிளம்பினோம், தொப்பூர் இறக்கத்தில் ஒரு மேட்டில் "சர்ர்" என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் தோளில் விரல் நுழைகிற ஆழத்துக்கு ஒரு வெட்டு. ஃபெண்டர் விளிம்பு உள்பக்கமாக மடங்கியிருக்கும் அல்லவா, அந்தத் தகட்டு முனை செதுக்கியிருக்கிறது.

பின்னால் ஏன் இப்படி என்று அப்புறம்தான் புரிந்தது. முன் சக்கரம் மேலே ஏறும்போது தலைப்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்து ஃபெண்டருக்கு வழி விடும். பின்னால் இருப்பது ட்விஸ்ட் பீம், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். பாரம் ஏறினால் சக்கரம் சாயாமல் நேராக மேலே போய் விளிம்பில்தான் முட்டும். எனவே வெளியே பார்க்க இடம் அதிகம் தெரிகிற பின்பக்கம்தான் முதலில் உரசும்.

இன்னொன்று. பின்னால் டிரம் பிரேக். போல்ட் நீளம் தேவைக்கு மேல் போனால் ஹப்பைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு பிரேக் பாகங்களில் இடிக்கும். எனக்குப் போட்டுக்கொடுத்தவர் 20 மி.மீ ஸ்பேசருக்கான நீளப் போல்ட்டையே ஸ்பேசர் இல்லாமல் ஒரு தடவை மாட்டிவிட்டார், சக்கரம் சுற்றவே இல்லை. நல்லவேளை ஜாக்கியில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது.

நேர்வழி:

மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஸ்பேசருக்கும் போல்ட்டுக்கும் செலவழிப்பதைவிடக் கொஞ்சம் பொறுத்து 7ஜே, ஈடி 38 வீல் வாங்கலாமே. கூடுகிற ஒரு அங்குல அகலத்தில் பாதி 12.7, ஈடியில் 2, மொத்தம் கிட்டத்தட்ட 15 மி.மீ வெளியே வந்துவிடும், நடுவில் தனியாக ஒரு தட்டு இருக்காது.

சட்டத்தையும் யாராவது சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றும் இருக்கிறது. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான். குழந்தைகளோடு போகிற கார், யோசியுங்கள்.

பட்டறை அண்ணன்:

நேர்வழி சொல்வதில் பாதி சரி. ஆனால் 7ஜே ஈடி 38 வெளியே மட்டும் வராது, உள்பக்கமும் 11 மி.மீ அளவுக்குப் போகும். முன்னால் ஷாக் பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் அதையும் வாங்க முடியாது. சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்வதுதான் நல்லது. டயர் ஃபெண்டருக்கு வெளியே ஒரு நூல் அளவுகூடத் தெரியக் கூடாது.

கோவைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அளந்தேன். காலியாக இருக்கும்போது முன் இடம் 14, முன் வலம் 15, பின் இடம் 24, பின் வலம் 20. நாலு பேர் ஏறி டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை வைத்தபோதும் பின்பக்க இடைவெளி மாறவில்லை, ஆனால் டயர் நன்றாக மேலே போய்விட்டது, ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவில் இனி ஒரு விரல் நுழைகிற இடம்தான். பின் இடத்துக்கும் வலத்துக்கும் 4 மி.மீ வித்தியாசம் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கடைக்குப் போய் போல்ட்டையும் பார்த்தேன் அண்ணா. என்னுடையதில் தலைக்குக் கீழே கோலிக்குண்டைப் பாதியாக வெட்டிய மாதிரி உருண்டு இருக்கிறது. அவர்கள் வைத்திருப்பது நேரான கூம்பு. கேட்டால் "எல்லாம் ஒன்றுதான், இறுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்கிறார்கள்.

பட்டறை அண்ணன்:

ஒன்று இல்லை தம்பி. கம்பெனி வீலில் போல்ட் உட்காரும் குழி உருண்டை, ஆர்13 (13 மி.மீ ஆரம்) என்பார்கள். வெளியில் விற்கும் வீல்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பை வைத்து இறுக்கினால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் சரியான அளவைக் காட்டும், நாலு நாளில் அந்தக் கோடு நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும். சக்கரம் கழன்று ஓடிய கதைகளில் பலவற்றுக்கு ஸ்பேசரைத் திட்டுகிறார்கள், உண்மையில் குற்றவாளி இந்தப் போல்ட்தான். எம்14 (14 மி.மீ தடிமன்), 1.5 பிட்ச் (மரை இடைவெளி), ஆர்13 உருண்டை, பழையதைவிட ஸ்பேசரின் கனம் எவ்வளவோ அவ்வளவு மட்டுமே அதிக நீளம். இது கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

உங்கள் அளவுக்கு 20 முடியவே முடியாது, பின் வலம் ஃபெண்டரோடு நேராகிவிடும். சின்ன எண்ணை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பின்னால் 12 போடுங்கள், வலப்பக்கம் 8 மி.மீ மிஞ்சும். முன்னால் இப்போதைக்கு வேண்டாம். 14-இல் 5 போடலாம், ஆனால் அந்தக் கனத்தில் வரும் தட்டுக்குத் தனி உதடு இருக்காது. ஹப்பின் உதட்டில் மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பது சக்கரத்தைப் பிடிக்கப் போதுமா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 5 மி.மீ அழகுக்கு அந்தத் தலைவலி எதற்கு?

மாட்டும் அன்று நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்க்கச் சொல்லுங்கள், ஒரு செதில் மிச்சமிருந்தாலும் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும். பழைய போல்ட் எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணுங்கள், புதியதும் அத்தனை சுற்று ஏற வேண்டும். காரை இறக்குவதற்கு முன் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். ஏர் கன்னால் இறுக்க வேண்டாம், கையில் டார்க் ரென்ச்சால் 120 நியூட்டன் மீட்டர். நூறு கி.மீ ஓடியதும் மறுபடி ஒரு தடவை.

கோவைக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆர்13 போல்ட் வரவழைக்கப் பதினோரு நாள் ஆனது. பின்னால் மட்டும் 12 மி.மீ. சுற்று எண்ணினேன், பழையதும் புதியதும் ஒன்றே. நூறு கி.மீ கழித்துப் பார்த்தபோது பின் வலத்தில் ஒரு போல்ட் மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாக ஏறியது, அதற்கடுத்த நூறில் எதுவும் அசையவில்லை. நேற்று ஆறு பேராகப் பழனி போய் வந்தோம். உடுமலை தாண்டி இருக்கிற வேகத்தடைகளில் கண்ணாடியை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன், எந்த உரசலும் இல்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து ஃபெண்டர் விளிம்பைப் பார்த்தேன், தூசி கலையாமல் அப்படியே இருந்தது.