‘சீசா’ பொறிமுறைக்குத் ‘துலாமரம்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நியூட்ரினோ என்பது மிக இலேசான ஓர் அடிப்படைத் துகள். அதன் நிறை எங்கிருந்து வந்தது என்பதை, ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும் விளையாட்டுப் பலகையைப் போல, ஒரு துகள் கனக்கக் கனக்க மற்றொன்று இலேசாகும் என்று விளக்குவது ‘சீசா’ (seesaw) பொறிமுறை. அதற்குத் தமிழ்ப் பெயராக நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘ஏற்றப் பொறிமுறை’ என்பதையும், அம்மையார் ஒருவர் முன்வைத்த ‘தராசுப் பொறிமுறை’ என்பதையும் படித்தேன். இரண்டும் சொல்வதற்கு எளியவையே. ஆனால் இரண்டும் இயற்பியலோடு முரண்படுவதால், பின்முனையில் கல் கட்டிக் கிணற்றில் நீர் இறைக்கும் நெடுமரத்தின் பெயரால் ‘துலாமரப் பொறிமுறை’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

‘ஏற்றம்’ என்றால் இயற்பியல் மாணவருக்கு முதலில் நினைவுக்கு வருவது மின்னேற்றம். நியூட்ரினோவுக்கு மின்னேற்றம் இல்லை. அதனால்தான் அது தனக்குத் தானே எதிர்த்துகளாக (அதே நிறையும் எதிர் மின்னேற்றமும் கொண்ட இணைத்துகளாக) இருக்க இயலும். 1977-இல் இயற்பியலாளர் பீட்டர் மின்கோவ்ஸ்கி எழுதிய இந்தப் பொறிமுறையின் கருத்து அந்த வாய்ப்பின் மீதே நிற்கிறது. அத்தகைய துகளின் நிறைக்கு ‘ஏற்றம்’ என்று பெயரிட்டால் பாடத்தின் முதல் வரியிலேயே குழப்பம் தொடங்கிவிடும்.

தராசில் இரு கைகளும் சமம், மாறாதவை. இங்கோ ‘வலக்கை நியூட்ரினோ’ எனப்படும், இன்னும் கண்டறியப்படாத கனத்த துணைத்துகளின் நிறை எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு நாமறிந்த நியூட்ரினோவின் நிறை குறைகிறது. இரண்டின் பெருக்கற்பலனே மாறாதது. பாலக்கோடு அருகே எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தாத்தா துலாமரத்தின் பின்கையில் கல் கட்டியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பழைய கல் உடைந்து பெரிய கல் கட்ட நேர்ந்தபோது, கயிற்றை அவிழ்த்துக் கல்லைத் தூணை நோக்கி நகர்த்தி, நீர் மொள்ளும் சாலினை ஒருமுறை இறக்கிப் பார்த்து, மீண்டும் நகர்த்தினார். கல் இரு மடங்கானால் பாதித் தொலைவு போதும். மின்கோவ்ஸ்கியின் வாய்பாடும் இதே உறவைத்தான் சொல்கிறது.

1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே உணர்கலம் கண்ட அலைவின்படி (நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவதன்படி), ஒரு நியூட்ரினோவாவது சுமார் 0.05 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் (துகள்களின் நிறையை அளக்கும் அலகு) குறையாத நிறை உடையது. எலெக்ட்ரானின் நிறையோ அதைப்போல் ஒரு கோடி மடங்கு. இவ்வளவு சிறிய நிறை கிடைக்க, மறுமுனையில் பத்தின் 14-ஆம் அடுக்கு கிகா (நூறு கோடி) எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான கனம் இருக்கலாம். எந்தத் துகள் முடுக்கியும் அதை எட்டாது. ஆகவே அதன் தடத்தை இளம் பேரண்டத்தில்தான் தேட வேண்டும்.

‘தராசு’ என்ற சொல்லை நான் மறுப்பதற்கான பெரிய காரணமும் அங்கேதான் இருக்கிறது. 1986-இல் ஜப்பானிய இயற்பியலாளர்கள் ஃபுகுகிதா, யனகிதா இருவரும் முன்வைத்த ‘லெப்டோஜெனிசிஸ்’ கருத்தின்படி, பேரண்டம் குளிர்ந்தபோது இந்தக் கனத்த துகள்கள் சிதைந்து லெப்டான்களையும் (எலெக்ட்ரான், நியூட்ரினோ முதலியவற்றின் குடும்பம்) எதிர்லெப்டான்களையும் சற்றே ஏற்றத்தாழ்வோடு உண்டாக்கின; அந்த மிகையின் ஒரு பகுதி பின்னர் புரோட்டான், நியூட்ரான்களாக மாறியது. இன்று ஏறத்தாழ 160 கோடி ஃபோட்டான்களுக்கு (ஒளித்துகள்களுக்கு) ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரான் என்ற கணக்கில் எஞ்சியுள்ள பருப்பொருளே அந்தத் தடமாக இருக்கக்கூடும். சிதைவும் அதன் எதிர்வினையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் வெப்பச் சமநிலை குலைந்த வேளையில் சிதைவு நிகழ்ந்திராவிட்டால் எதுவும் எஞ்சியிராது. சமநிலை குலைந்ததால் விளைந்ததற்குச் சமநிலையின் கருவியைப் பெயராக வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இதையொட்டி, அந்த ‘லெப்டோஜெனிசிஸ்’ என்பதற்கு ‘லெப்டான் பிறப்பு’ வேண்டாம், ‘லெப்டான் மிகையாக்கம்’ போதும் என்பது என் கருத்து. அங்கே புதிதாக உண்டாவது மிகைதான்.

‘துலா’ என்று மட்டும் சுருக்கினால் துலாக்கோலாகவும் துலா ராசியாகவும் பொருள் திரியும். எனவே ‘மரம்’ என்பதை விட்டுவிட வேண்டாம். அண்டக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் வளிமண்டல நியூட்ரினோ 1965-இல் முதன்முதலாகப் பதிவான இடங்களுள் ஒன்றான கோலார் தங்கவயல், நான் வசிக்கும் கிருஷ்ணகிரிக்கு அடுத்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிணற்றடிச் சொல் அந்தத் துகளின் பெயரோடு சேர்வதில் எனக்கு மிகுந்த விருப்பம். மாற்றுக் கருத்து இருப்பின் அன்புகூர்ந்து எழுதுங்கள்.